நினைத்ததைவிட நல்ல படம், நினைத்ததைவிட மோசமான படம்: எதிர்பார்ப்பு எப்படி வேலை செய்கிறது?

படம் பார்த்துவிட்டு வந்தவரிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "நெனச்ச அளவுக்கு இல்ல" என்பார், அல்லது "நெனச்சதைவிட நல்லாவே இருக்கு" என்பார். கேட்பவர் அதைப் படத்தைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார். ஆனால் அந்தப் பதிலில் பாதிதான் படத்தைப் பற்றியது. மீதிப் பாதி, அவர் உள்ளே போகும்போது மனதில் எதை வைத்துக்கொண்டு போனார் என்பதைப் பற்றியது. நடிப்பு, திரைக்கதை, இசை, ஒளிப்பதிவு என்று எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்துப் பேசும் நாம், இந்த எதிர்பார்ப்பை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்பதே இல்லை. ஒரு படம் நமக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதில் அதற்கு இருக்கும் பங்கு மிகப் பெரியது.

முதலில் எளிய கணக்கு. ஒரு படம் பத்துக்கு ஆறு மதிப்பெண் பெறும் தரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது எதிர்பார்த்துப் போனவருக்கு அது பெரிய ஏமாற்றம். மூன்று எதிர்பார்த்துப் போனவருக்கு இன்ப அதிர்ச்சி. இருவரும் பார்த்தது ஒரே படம், ஒரே காட்சிகள். வெளியே வந்து இருவரும் சண்டை போட்டுக்கொண்டால், சண்டை படத்தைப் பற்றியதாகத் தோன்றும். ஆனால் அவர்கள் உண்மையில் வேறுபடுவது, எங்கிருந்து அளக்கத் தொடங்கினார்கள் என்பதில்தான்.

இதற்கு உளவியலில் ஓர் உறுதியான அடிப்படை இருக்கிறது. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். மனிதர்கள் லாப நஷ்டத்தை முழுத் தொகையாகப் பார்ப்பதில்லை, மனதில் இருக்கும் ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து மேலே போனதா கீழே போனதா என்றுதான் பார்க்கிறார்கள் என்றார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: அந்தப் புள்ளிக்குக் கீழே விழும்போது வரும் வலி, அதே அளவு மேலே போகும்போது வரும் மகிழ்ச்சியைவிடப் பெரியது. அவர்கள் பேசியது பணம் சம்பந்தமான முடிவுகளைப் பற்றி. கானமனுக்கு 2002இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்ததும் இந்த ஆராய்ச்சிக்காகத்தான். இதைச் சினிமாவுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கலாம். எதிர்பார்ப்புக்கு மேல் கொஞ்சம் போன படத்தை "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். எதிர்பார்ப்புக்குக் கீழே அதே அளவு இறங்கிய படத்தை விடுவதில்லை. ஒரு வாரம் திட்டித் தீர்க்கிறோம். சுமாரான படம் "மொக்கை" ஆவது இப்படித்தான். உண்மையிலேயே மோசமான படங்கள் பல இதைவிடக் குறைவாகவே திட்டு வாங்கும், ஏனென்றால் அவற்றிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். படம் பார்க்கும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் ரசிக்கிறோம், வெளியே வந்து மதிப்பெண் போடும்போதுதான் எதிர்பார்ப்பு குறுக்கே வருகிறது, அப்படித்தானே? அப்படி இல்லை. எதிர்பார்ப்பு, பார்க்கும் அனுபவத்தையே மாற்றிவிடுகிறது. 2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. பீரில் சில துளி வினிகரைக் கலந்து, கலக்காத பீரோடு சேர்த்துக் குடிக்கக் கொடுத்தார்கள். வினிகர் கலந்தது தெரியாமல் குடித்தவர்களில் பலருக்கு அதுதான் பிடித்தது. குடிப்பதற்கு முன்பே "இதில் வினிகர் இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் பிடிக்கவில்லை. முக்கியமான பகுதி மூன்றாவது குழு. அவர்களுக்குக் குடித்து முடித்த பிறகு சொன்னார்கள். அவர்கள் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, தெரியாமல் குடித்தவர்களைப் போலவே அதை விரும்பினார்கள். அதாவது அந்தத் தகவல் தீர்ப்பை மாற்றியிருந்தால், பின்னால் சொன்னாலும் மாற்றியிருக்கும். முன்னால் சொன்னபோது மட்டும் மாறியது என்றால், நாக்கில் பட்ட ருசியே மாறியிருக்கிறது என்று பொருள். "இரண்டாம் பாதி இழுவை" என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால், இடைவேளை முடிந்து உட்காரும்போதே நாம் இழுவையைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம். தேடினால் எந்தப் படத்திலும் கிடைக்கும்.

அப்படியென்றால் எதிர்பார்ப்பு எப்போதும் படத்துக்கு எதிரிதானா? அதுவும் இல்லை. கார்ல் ஹோவ்லண்ட், முசாஃபர் ஷெரீஃப் போன்ற உளவியலாளர்கள் மனிதர்களின் கருத்துகளை ஆராய்ந்தபோது ஒன்றைக் கவனித்தார்கள். நம்முடைய நிலைப்பாட்டுக்கு ஓரளவு அருகில் இருக்கும் கருத்தை, இன்னும் அருகில் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறோம். தூரத்தில் இருப்பதை, இன்னும் தூரமாகத் தள்ளிவிடுகிறோம். சினிமாவிலும் இதைப் பார்க்கலாம். பிடித்த இயக்குநரின் படம் எதிர்பார்த்ததைவிடச் சற்றுத்தான் குறைவு என்றால், மனம் அந்தக் குறையைத் தானே நிரப்பிக்கொள்ளும். சாதாரணக் காட்சியில்கூட ஏதோ இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இடைவெளி ஓர் எல்லையைத் தாண்டினால் எல்லாம் தலைகீழாகிவிடும். அப்புறம் நன்றாக இருக்கும் காட்சியும் கண்ணில் படாது. ரசிகர்கள் ஒரு படத்தைக் கடைசிவரை தாங்கிப் பிடிப்பதும், அதே ரசிகர்கள் இன்னொரு படத்தை மற்ற எல்லோரையும்விடக் கடுமையாகக் கிழிப்பதும் இதனால்தான்.

சரி, இந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது? நடிகர், இயக்குநர் பெயர்கள், போஸ்டர், பாட்டு, டீசர், ட்ரெய்லர், படப்பிடிப்புச் செய்திகள், பட்ஜெட், முதலில் பார்த்தவர்களின் பேச்சு. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று காத்திருப்பு. காத்திருக்கும் காலத்தில் ரசிகர் சும்மா இருப்பதில்லை, தன் மனதில் அந்தப் படத்தைத் தானே எடுத்து முடித்துவிடுகிறார். அவர் எடுத்த படத்தில் ஒரு காட்சிகூடச் சரியில்லாமல் போயிருக்காது.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 1999இல் வந்த 'தி ஃபாண்டம் மெனஸ்'. அதற்கு முந்தைய பாகம் 1983இல் வந்தது. நடுவில் 16 ஆண்டுகள். முதல் மூன்று படங்களைச் சிறுவர்களாகப் பார்த்தவர்கள் இதற்குள் பெரியவர்களாகிவிட்டார்கள். 1998 நவம்பரில் இதன் ட்ரெய்லர் தியேட்டர்களில் வந்தபோது, வேறு ஏதோ படத்துக்கு டிக்கெட் வாங்கி உள்ளே போய், ட்ரெய்லரை மட்டும் பார்த்துவிட்டு, படம் தொடங்கும் முன்பே எழுந்து வந்தவர்கள் நிறைய. இரண்டு நிமிடச் சொச்சத்துக்கு முழு டிக்கெட் காசு கொடுக்கத் தயாராக இருந்த கூட்டத்தை எந்தப் படம்தான் திருப்திப்படுத்த முடியும்? படம் வந்தது. முதல் வெளியீட்டிலேயே உலகம் முழுவதும் 90 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆனாலும் இன்றுவரை "பெரிய ஏமாற்றம்" என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் அதுவும் ஒன்று. இதிலிருந்து ஒன்றைக் கவனித்துக்கொள்ள வேண்டும். வசூலும் எதிர்பார்ப்பும் வேறு வேறு கணக்குகள். முதல் சில நாள் வசூலைக் கொண்டுவருவதே எதிர்பார்ப்புதான். அந்தக் காசு படம் எப்படி இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே வந்துவிடுகிறது.

தமிழில் 1996இல் வந்த 'இந்தியன்' படத்தின் இரண்டாம் பாகம் 2024இல்தான் வந்தது. 28 ஆண்டு இடைவெளி. படம் வெளியான சில நாட்களிலேயே அதன் நீளத்தைக் குறைத்தார்கள். அந்தப் படத்தின் குறைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தலைமுறை முழுக்கத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்து மனப்பாடம் செய்த ஒரு படத்தின் நினைவோடு மோதுவது எந்தப் புதுப் படத்துக்கும் நியாயமான போட்டி அல்ல என்பது என் கருத்து.

எதிர்ப்பக்கம் பார்த்தால், குறைந்த எதிர்பார்ப்பு. முதல் 'ஸ்டார் வார்ஸ்' படமே நல்ல உதாரணம். 1977 மே 25 அன்று அமெரிக்காவில் அது வெறும் 32 தியேட்டர்களில் வெளியானது. தயாரிப்பு நிறுவனமே அதைப் பெரிதாக நம்பவில்லை. தோல்வியை எதிர்பார்த்த இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் ஊரைவிட்டு ஹவாய்க்குப் போய்விட்டார். அந்தப் படம்தான், 22 ஆண்டுகள் கழித்து எந்தப் படத்தாலும் சுமக்க முடியாத எதிர்பார்ப்பை உருவாக்கியது.

தமிழில் 1999இன் 'சேது'. புது இயக்குநர் பாலா, பத்தாண்டுகளாகப் பெரிய வெற்றி பார்க்காத விக்ரம். வாங்க ஆளில்லாமல் நீண்ட காலம் கிடப்பில் கிடந்து, கடைசியில் சத்தமில்லாமல் வெளியானது. பார்த்தவர்கள் மற்றவர்களிடம் சொல்லச் சொல்லக் கூட்டம் வந்தது. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வந்தது. இத்தகைய படங்களைப் பார்ப்பவருக்கு ஒரு கூடுதல் சந்தோஷம் உண்டு. "நானே கண்டுபிடித்தேன்" என்ற உரிமை உணர்வு. அதனால் அவர் அதைப் பத்துப் பேரிடம் சொல்லுவார். பத்தாவது ஆளுக்கு அந்தப் படம் புதையலாக இருக்காது, எல்லோரும் புகழும் படமாக இருக்கும். வாய்மொழியின் சிக்கல் இதுதான். குறைந்த எதிர்பார்ப்பால் வாழ்ந்த படம், தன் நல்ல பெயராலேயே அடுத்து வருபவர்களின் எதிர்பார்ப்பை ஏற்றிவிடுகிறது.

இன்னொரு வகையும் உண்டு. எதிர்பார்ப்பு வெறுமனே குறைவாக இருப்பது அல்ல, "இது ஊத்திக்கொள்ளப் போகிறது" என்று எல்லோரும் நிச்சயமாக நம்புவது. 'டைட்டானிக்' அப்படித்தான் வந்தது. 1997 ஜூலையில் வர வேண்டிய படம் டிசம்பர் 19க்குத் தள்ளிப்போனது. பட்ஜெட் 20 கோடி டாலர் என்று ஏறியது, அதுவரை எந்தப் படத்துக்கும் அவ்வளவு செலவானதில்லை. பத்திரிகைகள் இரங்கல் குறிப்பையே எழுதிவைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. படம் அமெரிக்க வசூல் பட்டியலில் 15 வாரம் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது, 11 ஆஸ்கர் வாங்கியது. படப்பிடிப்புச் செய்திகளை வைத்துப் படத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. தள்ளிப்போவது, செலவு ஏறுவது, மறுபடப்பிடிப்பு எல்லாம் தயாரிப்பு சிரமப்பட்டது என்று மட்டும்தான் சொல்லும். திரையில் என்ன வரும் என்று சொல்லாது.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். குறைந்த எதிர்பார்ப்பு ஒரு படத்தை நல்ல படமாக்காது. முதல் பார்வையில் அதற்கு ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான். "எதையும் எதிர்பார்க்காமல் போனேன், சூப்பர்" என்று சொன்ன படத்தை ஒரு வருடம் கழித்து மறுபடி பார்த்தால்தான் அந்தக் கை எவ்வளவு தாங்கியது என்று தெரியும்.

இரண்டாம் பாகங்களைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். "இரண்டாம் பாகம் என்றாலே முதல் பாகம் போல வராது" என்பது பழமொழியாகவே ஆகிவிட்டது. பேராசை, அவசரம், சோம்பல் என்று காரணம் சொல்கிறோம். சில சமயம் அவையும் இருக்கும். ஆனால் யாரும் எந்தத் தப்பும் செய்யாவிட்டாலும் இப்படித்தான் நடக்கும் என்கிறது புள்ளியியல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களை அளந்து பார்த்தார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள், சராசரியைவிட உயரமாகத்தான் இருந்தார்கள், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. உச்சத்தில் இருக்கும் எதுவும் அடுத்த முறை சராசரியை நோக்கிச் சற்றே இறங்கும். ஏனென்றால் உச்சம் என்பது திறமை மட்டும் அல்ல, பல நல்ல தற்செயல்கள் ஒன்றாகச் சேர்ந்தது. ஒரு நடிகருக்கு அந்தப் பாத்திரம் அச்சாகப் பொருந்தியது, இசையமைப்பாளருக்கு அந்த வருடம் நல்ல வருடம், அந்தக் கதைக்கு அந்தக் காலம் காத்திருந்தது. திறமை அடுத்த படத்துக்கும் வரும். தற்செயல்கள் வராது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இரண்டாம் பாகம் எந்தப் படங்களுக்கு எடுக்கிறார்கள்? எல்லாம் கூடிவந்த படங்களுக்குத்தான். தோற்ற படத்துக்கு யாரும் எடுப்பதில்லை. அதாவது உச்சத்தில் இருந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து மறுபடி முயல்கிறோம், இறங்கினால் ஆச்சரியப்படுகிறோம். முதல் படத்தில் அசத்திய இயக்குநரின் இரண்டாவது படம் ஏமாற்றுவதும் இதே கதைதான். முதல் படம் சுமாராக இருந்திருந்தால் அவருடைய இரண்டாவது படத்தை நாம் எதிர்பார்த்திருக்கவே மாட்டோம். விதிவிலக்குகள் உண்டு. 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் 1974இல் வந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது, அந்த விருதை வென்ற முதல் தொடர்ச்சிப் படம் அதுதான். ஆனால் புது இயக்குநர் ஒருவரின் இரண்டாவது படம் சறுக்கியதும் "ஒரே படத்து ஆள்" என்று முத்திரை குத்துவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். அவரை அறிய இன்னும் இரண்டு படமாவது பொறுக்க வேண்டும்.

இதுவரை பேசியது எல்லாம் அளவைப் பற்றியது. எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. இதைவிட முக்கியமானதாக நான் நினைப்பது இன்னொன்று: எந்த மாதிரிப் படமாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. அளவு தவறினால் ஏமாற்றம் வரும். வகை தவறினால் கோபம் வரும். இருட்டில் இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைக்கும்போது சமதளம் வந்துவிட்டால் உடம்பே ஒரு கணம் தூக்கிப்போடும். தரையில் ஒரு குறையும் இருக்காது. வகை தவறிய படத்தைப் பார்ப்பவரின் நிலையும் அதுதான்.

2011இல் வந்த 'டிரைவ்' படத்தை எடுத்துக்கொள்வோம். ரயன் கோஸ்லிங் நடித்தது. பெயரே 'டிரைவ்', ட்ரெய்லரில் கார்கள் பறந்தன. படத்தின் தொடக்கத்தில் நாயகன் இரண்டு திருடர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு தப்ப வேண்டும். பெரிய துரத்தல் வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்காருகிறோம். அவன் ஒரு பக்கம் போலீஸ் வயர்லெஸ்ஸையும், இன்னொரு பக்கம் ரேடியோவில் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் வர்ணனையையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். போலீஸ் கார் தெரிந்தால் விளக்கை அணைத்துவிட்டு நிற்கிறான். ஹெலிகாப்டர் வந்தால் பாலத்துக்குக் கீழே ஒதுங்குகிறான். வேகமாக ஓட்டும் நேரத்தைவிட ஓட்டாமல் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். ஆட்டம் முடியும் நேரத்துக்குச் சரியாக அந்த அரங்கத்தின் வாகன நிறுத்தத்துக்குள் காரை விட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, வெளியே வரும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போய்விடுகிறான். அப்போதுதான் அந்த வர்ணனையை ஏன் கேட்டுக்கொண்டிருந்தான் என்று நமக்குப் புரிகிறது. நான் பார்த்த மிகச் சிறந்த தொடக்கக் காட்சிகளில் ஒன்று அது. கான் திரைப்பட விழாவில் இயக்குநர் நிக்கோலஸ் விண்டிங் ரெஃப்னுக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. அதே படத்தைப் பார்த்த அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பெண் ஒருவர், ட்ரெய்லர் கார் துரத்தல் படம் போலக் காட்டி ஏமாற்றிவிட்டது, படத்தில் கார் ஓட்டுவதே கொஞ்சம்தான் என்று வழக்கே போட்டார். வழக்கு நிற்கவில்லை. ஆனால் அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. அவருக்கு விற்கப்பட்டது ஒரு படம், காட்டப்பட்டது வேறு படம்.

இந்த இடைவெளியை அளக்கவே ஒரு நிறுவனம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 'சினிமாஸ்கோர்' அதன் பெயர். படம் வெளியாகும் அன்றே அமெரிக்கத் தியேட்டர்களில் பார்வையாளர்களிடம் சீட்டைக் கொடுத்து, ஏ பிளஸ் முதல் எஃப் வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். அது பிறந்த கதையும் எதிர்பார்ப்பைச் சுற்றியதுதான். எட் மின்ட்ஸ் என்பவர், தனக்குப் பிடித்த எழுத்தாளர் நீல் சைமன் எழுதிய ஒரு நகைச்சுவைப் படத்துக்கு 1978இல் ஆசையாகப் போய் ஏமாந்தார். அங்கே இன்னொருவர், விமர்சகர்களை விட்டுவிட்டு நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டால் நன்றாக இருக்கும் என்று அலுத்துக்கொள்வதைக் கேட்டார். அந்த யோசனைதான் நிறுவனமானது.

வெளியீட்டு நாளன்று வருபவர்கள் யார்? விளம்பரத்தைப் பார்த்து, இன்னது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வருபவர்கள். அதனால் இந்த மதிப்பெண் படத்தின் தரத்தைவிட, சொன்ன வாக்கைப் படம் காப்பாற்றியதா என்பதைத்தான் அதிகம் காட்டுகிறது. 'டைட்டானிக்' ஏ பிளஸ் வாங்கியது. 'டிரைவ்' வாங்கியது சி மைனஸ். விமர்சகர்கள் கொண்டாடிய 2018இன் திகில் படம் 'ஹெரிடிட்டரி'க்கு டி பிளஸ். டேரன் அரோனோஃப்ஸ்கி இயக்கிய 'மதர்!' 2017இல் எஃப் வாங்கியது. பேய்ப் படம் மாதிரி தெரிந்த விளம்பரத்தை நம்பி உள்ளே போனவர்களுக்குக் கிடைத்தது பைபிளை அடியொற்றிய ஒரு விசித்திரமான உருவகக் கதை. அந்த எஃப்பைப் பார்த்து வருந்தி, படத்துக்காகப் பரிந்து புகழ்பெற்ற இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி கட்டுரையே எழுதினார்.

வகை தவறுவதற்கு விளம்பரம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்துத் திரையில் ஓடும் படமும் காரணமாகலாம். 1982 ஜூன் 11 அன்று ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வெளியானது. வேற்றுக்கிரகவாசி என்றால் சிறுவனின் சைக்கிள் கூடையில் உட்காரும் செல்லப் பிறவி என்று உலகமே உருகிக்கொண்டிருந்தது. சரியாக இரண்டு வாரம் கழித்து, ஜூன் 25 அன்று, ஜான் கார்பென்டரின் 'தி திங்' வந்தது. அதில் வரும் வேற்றுக்கிரகவாசி மனிதர்களை விழுங்கி அவர்கள் உருவத்தையே எடுத்துக்கொள்ளும். அதே நாளில் ரிட்லி ஸ்காட்டின் 'பிளேடு ரன்னர்' படமும் வந்தது. ஹாரிசன் ஃபோர்டு என்றால் துள்ளிக் குதிக்கும் சாகச நாயகன் என்று பழகியிருந்தவர்கள், மழையும் இருட்டும் தனிமையுமாக மெதுவாக நகரும் ஒரு துப்பறியும் கதையைப் பார்த்தார்கள். இரண்டுமே எடுபடவில்லை. இன்று இரண்டும் தத்தம் வகையின் உச்சங்களாகப் பேசப்படுகின்றன. பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலான அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 'பிளேடு ரன்னர்' 1993இலேயே இடம்பெற்றுவிட்டது.

தமிழில் இதற்கு 'அன்பே சிவம்' கதையைச் சொல்லலாம். 2003இன் தொடக்கத்தில் வந்தது. அதற்கு முந்தைய வருடம் கமல்ஹாசன் நடித்து வந்தவை 'பம்மல் கே. சம்பந்தம்', 'பஞ்சதந்திரம்' என்ற இரண்டு நகைச்சுவைப் படங்கள். இயக்குநர் சுந்தர் சி.யோ 'உள்ளத்தை அள்ளித்தா' கொடுத்தவர். இந்தக் கூட்டணியிடம் சிரிக்கக் கேட்டு வந்தவர்களுக்கு, மழையால் விமானம் ரத்தாகிப் புவனேஸ்வரில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் பயணம் செய்துகொண்டே கடவுள், முதலாளி, தொழிலாளி, அன்பு என்று பேசும் படம் கிடைத்தது. படம் தோற்றது. பிறகு தொலைக்காட்சியில் அதைச் சந்தித்தவர்கள் எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் சந்தித்தார்கள், அதை விடவே இல்லை. செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) இன்னும் நேரடியான உதாரணம், ஏனென்றால் அங்கே வகை படத்தின் நடுவிலேயே மாறுகிறது. இடைவேளை வரை புதையல் வேட்டை போன்ற சாகசம். அதற்குப் பிறகு, ஒளிந்து வாழும் சோழர் கூட்டத்தின் பசியும் பைத்தியமும் அழிவும். முதல் பாதி கொடுத்த வாக்கை இரண்டாம் பாதி வேண்டுமென்றே உடைக்கிறது. அன்று பலரைக் குழப்பிய அந்த உடைப்புக்காகவே பின்னால் அதைக் கொண்டாடினார்கள். 2021 டிசம்பர் 31 அன்று மறுபடி தியேட்டருக்கு வந்தது.

காலம் செய்வது இதைத்தான். விளம்பரம் மறக்கிறது, போட்டிப் படங்கள் மறக்கின்றன, நடிகரின் அன்றைய பிம்பம் மறக்கிறது. படம் மட்டும் மிஞ்சுகிறது. 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' 1994இல் வந்தபோது இரண்டரைக் கோடி டாலர் செலவுக்கு, முதல் வெளியீட்டில் கிடைத்தது சுமார் 1.6 கோடி. ஏழு ஆஸ்கர் பரிந்துரை வந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. வீடியோ கேசட்டிலும் தொலைக்காட்சியிலும் வாழ்ந்து, இன்று ஐஎம்டிபி ரசிகர் பட்டியலின் உச்சியில் நீண்ட காலமாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் தோற்ற படமெல்லாம் காலம் கடந்து வெல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலானவை நியாயமாகவே மறக்கப்படுகின்றன. காலம் எதிர்பார்ப்பைத்தான் நீக்கும், குறையை நீக்காது. இன்னொன்று, "கல்ட் கிளாசிக்" (ஒரு கூட்டம் விடாமல் கொண்டாடும் பழைய படம்) என்ற பட்டம் ஒட்டியதும் புது எதிர்பார்ப்பு ஒன்று பிறந்துவிடுகிறது. இன்று 'அன்பே சிவம்' படத்தை முதல்முறை பார்க்கும் இருபது வயதுக்காரர், 2003இல் பார்த்தவருக்கு நேரெதிரான சுமையோடு உட்காருகிறார்.

எதிர்பார்ப்பைக் கருவியாகவே பயன்படுத்திய இயக்குநர்களும் உண்டு. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) அதில் தலையாயது. ட்ரெய்லரில் படத்தின் காட்சிகளைக் காட்டாமல், ஹிட்ச்காக் தானே வந்து படப்பிடிப்பு வீட்டைச் சுற்றிக் காட்டினார். விமர்சகர்களுக்குத் தனிக்காட்சி இல்லை. படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. இவ்வளவும் எதற்கு என்றால், நட்சத்திர நடிகை ஜேனட் லீ ஏற்ற பாத்திரம் பாதிப் படத்துக்குள் கொல்லப்படுகிறது. நாயகி சாகமாட்டாள் என்ற எதிர்பார்ப்பை முழுதாகக் கட்டிவைத்தால்தான் அதை உடைக்க முடியும். தாமதமாக உள்ளே வருபவர் ஜேனட் லீ எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். சொன்ன வாக்கை மீறினால் பார்வையாளர்கள் கோபப்படுவார்கள் என்று மேலே சொன்னேன். இங்கே ஏன் கோபப்படவில்லை? திகில் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார், திகிலைக் கொடுத்தார். வகையைக் காப்பாற்றிக்கொண்டு, அதற்குள் இருந்த வழக்கத்தை மட்டும் உடைத்தார்.

நடைமுறையில் ஒரு ரசிகர் இதை வைத்து என்ன செய்யலாம்? எதையும் எதிர்பார்க்காமல் போ என்று சொல்வது சுலபம், ஆனால் அது யாராலும் முடியாது. பெயரைக் கேட்டதும் எதிர்பார்ப்பு வந்துவிடும். ஆசையோடு காத்திருப்பதும் சினிமாவின் சுகங்களில் ஒன்றுதான், அதைக் கொன்றுவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. இடைவேளையில் எரிச்சலாக இருந்தால், இந்தப் படம் மோசமாக இருக்கிறதா, இல்லை நான் வேறு படத்துக்காகக் காத்திருக்கிறேனா என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இரண்டாவது என்று பதில் வந்தால், மிச்சப் படத்தை அது போகும் வழியிலேயே போய்ப் பார்க்க முடியும். அப்படியும் பிடிக்காவிட்டால், சரி, அது உண்மையான பிடிக்காமை. அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

விமர்சனம் படிக்கும்போதும், எழுதியவர் எதை எதிர்பார்த்துப் போனார் என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு பத்தியிலேயே தெரிந்துவிடும். அவருடைய எதிர்பார்ப்பு உங்களுடையதாக இல்லாவிட்டால் அவருடைய ஏமாற்றமும் உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை.

அப்புறம், நண்பருக்கு ஒரு படத்தைப் பரிந்துரைக்கும்போது "வேற லெவல், மிஸ் பண்ணிடாதே" என்று அளவைச் சொல்வதைவிட, வகையைச் சொல்லுங்கள். "மெதுவாகத்தான் போகும், பேச்சு குறைவு, கார் துரத்தல் ஒன்றிரண்டு, நடுவில் திடீரென்று ரத்தம் தெறிக்கும்" என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த மிச்சிகன் பெண் ஒன்று அந்தப் படத்துக்குப் போயிருக்க மாட்டார், இல்லையென்றால் ரேடியோவில் ஓடிய கூடைப்பந்து வர்ணனையைக் கவனித்துக் கேட்டிருப்பார்.